ரேடியேட்டர் குடித்த பால்

மெக்கானிக் ரஞ்சித் பாஸ் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தார். அதன் அடிப்பக்கத்தை ஆள்காட்டி விரலால் வழித்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு படலம்.

"பாத்தீங்களா மஹத்தயா? தண்ணியில எண்ணெய் கலந்திருச்சி. கலந்தா இப்படித்தான் வெள்ளையா வரும். எஞ்ஜின்ல ஹெட் கேஸ்கட் போச்சு. இனி வேற ஒண்ணும் தேட வேணாம்."

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை வாசலில் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நடுப்பகலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கிழமை வியாழன். கிழமையை மறக்க முடியாததற்குக் காரணம் உண்டு. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் மனைவி பிலோமினாவுக்கு ரத்தினபுரியில் பள்ளிக்கூட அதிபர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை.

"ஹெட்டைக் கழட்டினா எத்தனை நாள் பாஸ்?"

"அவிசாவளைக்கு அனுப்பி லேத்ல குடுக்கணும். திங்கக்கிழமை பாப்போம்."

பிலோமினா சான்றிதழ்க் கோப்பைக் கையில் பிடித்தபடி கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒன்றும் சொல்லாமல் நின்ற நேரங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவளுக்குப் பின்னால் பால் வாளிகளோடு பதினைந்து இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய பாலை நிறுத்து எழுத வேண்டிய கணக்கப்பிள்ளை நான்தான். நான் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. இலவசமாக இப்படி ஒரு காட்சி அவர்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

ரஞ்சித் பாஸ் சாவிப் பையைக் கவிழ்த்து ஒரு பெரிய ஸ்பேனரைப் பொறுக்கினார்.

அந்த வெள்ளைப் படலம் எண்ணெய் இல்லை என்று அங்கே நின்ற அத்தனை பேரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது ரப்பர் பால். ஊற்றியவன் நான்.

மூன்றாவது வளைவு

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிலோமினா பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவில் முகம் வெளுக்கும். நான்காவதில் கண்ணை மூடுவாள். ஐந்தாவது வளைவில் என்ன நடக்கும் என்பதை, சாப்பிட்டுக்கொண்டே வாரப் பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ளவர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். எங்கள் தோட்டத்திலிருந்து யட்டியாந்தோட்டைக்கு இறங்குவதற்குள்ளேயே பதினேழு வளைவுகள்.

சில வருடங்களுக்கு முன்பும் இதே பதவிக்கு அவள் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். பஸ்ஸில்தான். பாதிச் சேலையைக் கழுவி, ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாளாம். வாயைத் திறந்தால் பதில் மட்டும் வருமா என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாளாம். வேறு யாருக்கோ கிடைத்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதில் அதிபர் வேலையைச் செய்தாள். அதிபரின் தலைவலிகள் அத்தனையும் அவளுக்கு, பதவி மட்டும் இல்லை. அடுத்த முறை அழைப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி.

காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. முச்சக்கர வண்டியில் பஸ்ஸைவிட மோசம். தோட்டத்தில் இருந்த ஒரே வேன் யாத்திரைக்குப் போயிருந்தது. நானோ அழைப்புக் கடிதம் வந்த அன்றே நெஞ்சில் தட்டி, "ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தேன். நெஞ்சில் தட்டுகிற ஆண்களை அரசாங்கம் தடை செய்ய வேண்டும்.

சரோஜாவின் கூரை

கார் பழைய ஜப்பான்காரி. எனக்கு வருவதற்கு முன் எத்தனை கை மாறியது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து ரேடியேட்டரின் அடியில் ஓர் ஊசிமுனை ஓட்டை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகும். நான் ரோட்டோர ஊற்றுநீர்ப் பீலி ஒவ்வொன்றிலும் நிறுத்தி, போத்தலில் பிடித்து ஊற்றுவேன். எங்கள் பாதையில் உள்ள பீலிகளில் குளிக்கிறவர்களெல்லாம் என் சத்தம் கேட்டாலே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"ஒரு அரை மணித்தியாலம் விடுங்க, ஈயம் வச்சித் தாறேன்" என்று ரஞ்சித் பாஸ் பலமுறை சொன்னார். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் கராஜ் வைத்திருப்பவர். தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். திட்டுவதற்கும், என்னை ஐயா என்பதற்குப் பதிலாக மஹத்தயா என்று கூப்பிடுவதற்கும் மட்டும் சிங்களம்.

அரை மணி நேரம் கொடுத்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆனால் நான் யூடியூப் பார்க்கிறவன். ஓட்டை ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூளைப் போட்டால் அடைத்துவிடும் என்று ஒருவர் அதில் ஆடிப்பாடிக் காட்டினார். எங்கள் வீட்டு மஞ்சள் தூள் டப்பா, நான் கை வைக்கப்போன அன்று முதல் அலுமாரிக்குள் பூட்டப்பட்டது.

இந்த நேரத்தில்தான் சரோஜா கதைக்குள் வந்தாள்.

சரோஜா எங்கள் தோட்டத்தின் முதல்தரமான பால் வெட்டுக்காரி. ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையில் அவள் மரப்பட்டையைச் சீவுகிற அழகைப் பார்த்தால் மரமே கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போகும்போது சேலை மடிப்பில் ஒரு சிரட்டையை மறைத்துக்கொண்டு போனாள். சிரட்டையில் பால்.

"என்னா சரோஜா இது?"

"லயத்து வீட்டுக் கூரைத் தகரம் ஒழுவுதுங்க ஐயா. துணியில பாலை நனைச்சு ஓட்டை மேல ஒட்டிட்டா மழைக்கு அசையாதுங்க."

அவ்வளவுதான், எனக்குள் இருந்த பிரசங்கி எழுந்துவிட்டார். எல்லாப் பெண்களையும் நிறுத்திவைத்து, கால் மணி நேரம் பேசினேன். "தோட்டத்துப் பாலு தோட்டத்துக்கு! மரத்துக்கு வலிச்சு வடியிற பாலு இது. ஒங்க கூரைக்காக வடியல!" என்று முடித்தபோது எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிற்று. சரோஜா தலையைக் குனிந்து பாலைத் திரும்ப வாளியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் மழை பெய்தது. கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கார் சொட்டிக்கொண்டிருந்தது. சரோஜாவின் தகர ஓட்டை நினைவுக்கு வந்தது. என்ன அருமையான யோசனை!

ஒரு சோடாப் போத்தல் நிறையத் தோட்டத்துப் பாலை எடுத்து ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். அன்று இரவே சொட்டுவது நின்றுவிட்டது. கண்டுபிடிப்பாளனின் பெருமிதத்தோடு தூங்கினேன். வெளியே சொல்ல முடியாத பெருமிதம் என்பதுதான் ஒரே குறை.

பானட்டைத் திறந்தால்

ஒரு வாரம் கழித்து கார் கொதிக்கத் தொடங்கியது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் பாலைச் சந்தேகிக்கவே இல்லை. ஒழுகினால்தானே தண்ணீர் குறையும், குறைந்தால்தானே சூடாகும்? என் காரில்தான் சொட்டுக்கூடக் குறையவில்லையே! இந்தத் தர்க்கத்தோடு கித்துல்கலவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பானட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆவி.

நம் நாட்டில் தனியாக இருக்கிறோமே என்று யாருக்காவது வருத்தமிருந்தால், ரோட்டோரம் ஒரு பானட்டைத் திறந்து வைத்தால் போதும். ஐந்து நிமிடத்தில் ஆலோசனைச் சபை கூடிவிடும். ஒருவர் ஃபேன் பெல்ட் என்றார். ஒருவர் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி ஆற்றில் எறியச் சொன்னார். ஆற்றில் படகு விட வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு வந்து ஆவிக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். கத்தாரில் இருக்கும் மச்சான் வீடியோ அழைப்பில் வந்து, "போனை எஞ்ஜினுக்கு நேரே புடிங்க மச்சான், எனக்கு ஒங்க மூக்குதான் தெரியுது" என்றார். மூக்கை வைத்தே வாட்டர் பம்ப் என்று தீர்ப்பும் சொன்னார். பிலோமினா பின்னால் வந்த உறவினர் வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

பிறகு கராஜில் ரஞ்சித் பாஸ் மட்டும்தான் ஒழுங்காகப் பார்த்தார். எஞ்ஜினை ஓடவிட்டு, மேல் குழாயைத் தொட்டார், கையை உதறினார். கீழ்க் குழாயைத் தொட்டார், புருவத்தை உயர்த்தினார்.

"மேல கொதிக்குது, கீழ குளிருது. சுடுதண்ணி சுத்தி வரல மஹத்தயா. எங்கயோ நிக்குது."

தண்ணீரைத் தடுக்கக்கூடிய தேர்மோஸ்டாட்டைக் கழற்றினார். மூடியை மாற்றினார். ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. ஆனாலும் கொதித்தது. அவர் "எங்கயோ நிக்குது" என்று இரண்டாம் தடவை சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாக உறையத் தொடங்கியது. ரப்பர் பால் எப்படி உறையும் என்பது இருபத்தைந்து வருடமாக அந்தத் தொழிலில் சோறு தின்கிறவனுக்குத் தெரியாதா? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் என்ன நடந்திருக்கும் என்பது படம் மாதிரித் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் போகட்டும், தானாகக் கரைந்துவிடும் என்று ஜெபித்துக்கொண்டேன். அந்த ஜெபத்தைக் கேட்டவர் மேலே சிரித்திருப்பார்.

முதல் ஆணி

வியாழக்கிழமை, கராஜுக்குப் போகிற வழியில் கொட்டகை வாசலைத் தாண்டவே கார் மறுத்துவிட்டது. அதனால்தான் பாஸ் சாவிப் பையோடு மேலே ஏறி வந்தார். அந்த வெள்ளை விரலை நீட்டினார்.

முதலில் நாசூக்காக முயன்றேன்.

"பாஸ், எதுக்கும் ரேடியேட்டரை ஒருக்கா..."

"மஹத்தயா பால் நிறுங்க. எஞ்ஜினை நான் பாக்குறேன்."

"இல்ல, அந்தக் குழாய்க்குள்ள..."

"இருபது வருசமா இந்த வெள்ளையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். இது கேஸ்கட்."

ஹெட்டின் முதல் ஆணி 'கிர்ர்' என்று முனகிக்கொண்டு இளகியது. ஹெட்டைத் தூக்கிவிட்டால் திங்கட்கிழமைதான். எதிரே அத்தனை பெண்கள். முதல் ஆளாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு சரோஜா.

பிலோமினா கோப்பின் ரப்பர் பட்டியை இழுத்து மாட்டினாள். "காலையில முதல் பஸ்ஸு எத்தனை மணிக்கு சரோஜா?" என்று கேட்டாள்.

"நாலே முக்காலுங்க டீச்சர்."

"ஒங்கிட்ட ஓட்டையில்லாத ஷொப்பிங் பேக் இருந்தா ரெண்டு குடு. இல்ல, மூணா குடு."

கோபமே இல்லாத குரல். அந்த மூன்றாவது பையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கழட்டாதீங்க!" என்று கத்தினேன். கொட்டகைக் கூரையிலிருந்த மைனாக்கள் பறந்தன. "அது எண்ணெய் இல்ல. ரப்பர் பாலு. நான்தான் ஊத்துனேன்."

ரஞ்சித் பாஸ் விரலை மூக்கருகே கொண்டுபோனார். மோந்தார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பிரித்தார். நூல் மாதிரி நீண்டது. பிறகு ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சிங்களத்துக்கு மாறினார். அதில் எழுதக்கூடியது, கடவுளைக் கூப்பிடும் "அனே தெய்யனே" மட்டும்தான்.

பிலோமினாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பாலா? ரேடியேட்டருக்கா? அது என்னங்க, கைப்புள்ளையா?"

வரிசை உடைந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, என் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"தோட்டத்துப் பாலு தோட்டத்துக்கு! மரத்துக்கு வலிச்சு வடியிற பாலுங்க ஐயா. ஒங்க காருக்காக வடியல!"

கால் மணி நேரப் பிரசங்கத்தையும் சொல்லியிருப்பாள். நான் கையெடுத்துக் கும்பிட்டதால் பாதியில் விட்டாள்.

"கூரைக்கு வெளிய ஒட்டுறத, உள்ளுக்கு ஊத்தியிருக்கீங்களே ஐயா" என்றாள் பிறகு, உண்மையான பரிதாபத்தோடு. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

சரோஜாவின் விரல்கள்

ரேடியேட்டரைக் கழற்றிக் கொட்டகைத் திண்டில் படுக்க வைத்தார்கள். பாஸ் தீவிளக்கால் ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைத் திறந்தார். கருகிய ரப்பர் நாற்றம் லயம் வரைக்கும் போனது. உள்ளே பார்த்தால், வரிசை வரிசையாகக் குழாய் வாய்கள். ஒவ்வொன்றிலும் பழுப்பு வெள்ளையாக ஓர் அடைப்பு.

பாஸ் கம்பியை விட்டுக் குத்தினார். கம்பி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ரப்பர் அப்படியே இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். நுனி மட்டும் அறுந்து வந்து அவர் நெற்றியில் பட்டென்று அடித்தது.

"இது வராது மஹத்தயா. புது ரேடியேட்டர் பாருங்க. நாளைக்குள்ள எங்கயும் கிடைக்காது."

"தள்ளுங்க பாஸ்" என்றாள் சரோஜா.

பால் வெட்டுகிறவர்கள் தினமும் கத்தியை எடுக்கும் முன் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முந்தின நாள் வெட்டிய கோட்டில் பால் காய்ந்து ஒரு மெல்லிய நாடாவாக ஒட்டியிருக்கும். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதை நகத்தால் நெம்பி, அறுந்துபோகாமல் ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு மரம், முந்நூறு நாடா. முப்பது வருடமாக அதைச் செய்த விரல்கள் சரோஜாவுடையவை.

சவர்க்காரத் தண்ணீர் கேட்டாள். குழாய் வாயில் இரண்டு சொட்டு விட்டாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அவசரப்படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு முழம் வந்தது. அறுபடாமல், ஈரமாக, ஒரு மண்புழுவைப் போல நெளிந்துகொண்டு முழுசாக வந்தது. குழாயின் மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது.

"அம்மோ!" என்றார் ரஞ்சித் பாஸ்.

அதன் பிறகு இன்னும் ஐந்து பெண்கள் உட்கார்ந்தார்கள். யாருடையது நீளம் என்று போட்டி. அறுத்துவிட்டவளுக்குக் கேலி. நான் ஒருவனாகப் பாலை நிறுத்துக்கொண்டிருந்தேன், பிலோமினா பெயர்களை வாசித்தாள். மூன்று மணிக்குக் கடைசிக் குழாயும் திறந்தது. பாஸ் தொட்டியை மூடி, ஊசிமுனை ஓட்டைக்கும் ஈயம் வைத்தார். அதற்கு எடுத்த நேரம் சரியாக அரை மணி. அதை அவர் மூன்று தடவை சொல்லிக் காட்டினார்.

சரோஜா இழுத்த நாடாக்களையெல்லாம் அள்ளி, தோட்டத்தின் ஒட்டுப்பால் சாக்குக்குள் போட்டாள். "தோட்டத்துப் பாலு தோட்டத்துக்கே வந்துருச்சிங்க ஐயா" என்றாள்.

நான் அன்றே தோட்டத்து உதவி முகாமையாளரான சின்னத்துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். லயத்துக் கூரைகளுக்குப் புதுத் தகரமும் கேட்டேன். அவர் இரண்டாவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார். முதலாவதைக் கேட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மாமரத்தடி

பிலோமினாவுக்கு அந்தப் பதவி கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஊசி பாதிக்கு மேலே ஏறவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டியதால் பிலோமினா, "ரோட்டைப் பாருங்க" என்று எஹலியகொடை வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். எட்டு மணிக்கே ரத்தினபுரியில் பரீட்சை நடக்கும் கல்விக் கந்தோர் வாசலில் இறங்கினாள். சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. முகத்தில் நல்ல நிறம்.

நான் கந்தோர் முற்றத்து மாமரத்தடியில் காரை நிறுத்தி, பானட்டைத் திறந்து, தேவையோ இல்லையோ ஒரு கேனில் தண்ணீரோடு காவல் நின்றேன். பத்து மணிவாக்கில் மேல்மாடி யன்னலில் மூன்று பெரிய மனிதர்கள் வந்து நின்று கீழே பார்த்தார்கள். தேர்வாளர்களாக இருக்கலாம், மனைவிக்கு உதவியாக நாமும் ஒரு மரியாதை காட்டுவோம் என்று நிமிர்ந்து நின்று, கேனை இடது கைக்கு மாற்றி, ஒரு சல்யூட் வைத்தேன். மூவரும் உடனே மறைந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம்.

"என்னா கேட்டாங்க?"

"ஒங்களுக்குக் கீழ வேலை செய்ற ஆள் ஒரு பிழையை மறைச்சா எப்படிக் கையாளுவீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"நேத்து நடந்ததைச் சொன்னேன். எல்லாத்தையும்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "அதுக்கு?"

"அந்த மனுசன் இப்ப எங்க இருக்காருன்னு தலைவர் கேட்டாரு. கீழ மாமரத்தடியிலன்னேன். மூணு பேரும் எழும்பி யன்னலுக்குப் போனாங்க. நீங்க சல்யூட் அடிச்சீங்க."

"சரி, அப்புறம் என்னா கேள்வி கேட்டாங்க?"

"கேள்வியே இல்லைங்க. தலைவர் வந்து உக்காந்து கோப்பை மூடிட்டாரு. 'இவரோட இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கீங்க, ஒரு பள்ளிக்கூடம் நடத்துறது ஒங்களுக்குப் பெரிய காரியமா'ன்னாரு."